ஒரு நடை நேரம்

என் டீ ஆறுவதற்கும் அந்தப் படகு கிளம்புவதற்கும் பதினாறு வருடமாக ஒரு கணக்கு இருந்தது. காலை ஆறு மணிக்குப் படகுத்துறையில் டிக்கெட் ஜன்னலைத் திறப்பேன். எதிர்க்கடையிலிருந்து கண்ணாடி டம்ளரில் டீ வரும். அதே நேரத்தில் படகுக்காரர் இன்ஜின் பெட்டிக்குள் இருக்கும் ஃபேனைப் போட்டுவிட்டு நடக்கத் தொடங்குவார். நான் டீயைத் தொடமாட்டேன். எனக்குச் சூடு ஆகாது, பிறவி நாக்கு அப்படி. அவர் பலகைப் பாலத்தின் கடைசிவரை போய்த் திரும்பி வந்து இன்ஜினைக் கிளப்பும்போது டீ குடிக்கிற பதத்துக்கு வந்திருக்கும். மழையோ வெயிலோ, ஒருநாளும் பிசகியதில்லை.

பலகைப் பாலம் என்றால் பெரிதாக நினைத்துக்கொள்ள வேண்டாம். டிக்கெட் கொட்டகையிலிருந்து ஆற்றுக்குள் நீளும் மர நடைபாதை. கொட்டகைப் பக்கம் படகு கட்டியிருக்கும். தண்ணீருக்குள் போய் முடிகிற மறுகோடியில் ஒரு விளக்குக் கம்பம். அதற்கப்பால் ஆறுதான். அக்கரையில் ஆஸ்பத்திரியும் தொழிற்கூடங்களும் இருந்தன. இக்கரையில் அங்கே வேலைக்குப் போகிறவர்கள் இருந்தார்கள். நடுவில் அந்தப் படகு.

படகுக்காரருக்கு ஆமை என்று பெயர். வைத்தவர்கள் கேலிக்குத்தான் வைத்தார்கள், ஆனால் அவரே அந்தப் பெயருக்குத் திரும்பிப் பார்ப்பார். இடது கால் முழங்காலுக்குக் கீழே வளைந்து, மடங்காமல் போயிருந்தது. வலது காலை ஊன்றுவார், இடது காலை இழுப்பார். பலகையில் ஒரு தட்டு, ஒரு தேய்ப்பு. வாலிப வயதில் துறையில் சரக்குப்பெட்டி காலில் விழுந்துவிட்டது என்று சொல்லக் கேட்டிருக்கிறோம்.

அது பெட்ரோல் இன்ஜின். படகின் நடுவே மரப்பெட்டிக்குள், பாதி தரைக்குக் கீழே புதைந்ததுபோல் உட்கார்ந்திருக்கும். எங்காவது ஒரு சொட்டு கசிந்தாலும் ஆவி வெளியே போக வழியில்லாமல் உள்ளேயே தங்கிவிடும். சாவியைத் திருப்பும்போது ஒரு சின்னப் பொறி போதும், மிச்சத்தை ஆற்றில்தான் தேடவேண்டும். அதனால்தான் ஃபேன். உள்ளே இருக்கும் காற்றை ஒரு தடித்த குழாயால் உறிஞ்சிப் பக்கத்துத் துளை வழியாக வெளியே தள்ளும். எவ்வளவு நேரம் ஓடவிட வேண்டும் என்பதற்கு அந்தக் குடும்பத்தில் ஓர் அளவு உண்டு. அவர்கள் அப்பா காலத்து அளவு. ஒரு நடை. விளக்குக் கம்பம்வரை போய்த் திரும்புகிற நேரம். ஆமையண்ணன் கையில் கடிகாரம் கட்டியிருந்தாலும் அதைப் பார்த்ததில்லை.

திரும்பி வந்ததும் பெட்டியின் மூடியைத் தூக்கிச் சாய்த்துவிட்டு, தரையில் குப்புறப் படுத்து, தோள்வரை உள்ளே விட்டு மோந்து பார்ப்பார். அப்படிப் படுக்கும்போது இடுப்பில் தொங்கும் சாவிக்கொத்து பலகையில் கிணீர் என்று மோதும். அந்தச் சத்தம் கேட்டதும் வரிசையில் நிற்கும் ஜனங்கள் பையைத் தோளில் மாட்டிக்கொள்வார்கள். ஆமை ஓட்டுக்குள்ள தலைய விட்டாச்சு, கிளம்பலாம் என்று யாராவது சொல்லாத நாளில்லை. பாவம், கால் மடங்காது, குனிய முடியவில்லை, அதனால் படுக்கிறார் என்றுதான் நானும் நினைத்தேன். எல்லோரும் அப்படித்தான் நினைத்தோம். இன்ஜின் ஓடத் தொடங்கி ஒரு நிமிடம் ஆகிற வரைக்கும் ஒரு ஈ காக்காயைக்கூடப் படகில் ஏற விடமாட்டார்.

போன மழைக்காலத்தில் காய்ச்சல் என்று படுத்தவர் நாலாம் நாள் எழுந்திருக்கவில்லை. ஆற்றோடு பழகியவர், தண்ணீரிலும் போகவில்லை, நெருப்பிலும் போகவில்லை. சுவரோரக் கட்டிலில், மருந்து டம்ளர் கைக்கெட்டும் தூரத்தில் இருக்க, சத்தமில்லாமல் போனார். எனக்கு அன்று டீ இறங்கவில்லை என்பதை ஒளிக்காமல் சொல்லிவிடுகிறேன்.

படகு தம்பி கைக்கு வந்தது. அவனுக்கு ரயில் என்று பெயர். அண்ணனுக்கு எதிர்ப்பதமாக யாரோ வைத்தது. பார்சல் வண்டி ஓட்டிக்கொண்டிருந்தவன். சாப்பிட உட்கார்ந்தாலும் எழுந்து ஓடத் தயாராக ஒரு காலை வெளியே நீட்டி வைத்திருப்பான். நல்ல பிள்ளை, கெட்ட எண்ணம் கிடையாது, பொறுமைதான் கிடையாது. அண்ணன் செய்ததையெல்லாம் அப்படியே செய்வேன் என்று அண்ணியிடம் சொல்லித்தான் சாவியை வாங்கினான். செய்யவும் செய்தான். ஃபேனைப் போடுவான். கம்பம்வரை ஒரு நடை நடப்பான். வந்து மூடியைத் திறந்து குனிந்து மூக்கை உறிஞ்சுவான். கால் நன்றாக இருக்கிறவன் எதற்குப் படுக்க வேண்டும்? ஜனங்களை மட்டும் முன்கூட்டியே ஏறவிட்டான். நிற்கவைத்தால் முனகுகிறார்கள் என்றான்.

அவர்கள் வீடும் என் அறையும் ஒரே மாடிப்படியைப் பங்கு போட்டவை. கீழே அவர்கள், மேலே நான். அண்ணி, ரயில், ரயிலின் மனைவி என்று மூன்று பேர். கீழே பாத்திரம் விழுந்தால் எனக்கு எந்தப் பாத்திரம் என்று தெரியும். அண்ணிக்கு அக்கரை ஆஸ்பத்திரியில் துணி வெளுக்கும் பிரிவில் வேலை. தினமும் முதல் படகு. இன்ஜின் ஓட ஆரம்பித்ததும் பெட்டியின் மூடிமேல்தான் உட்காருவாள். குளிருக்கு இதமாக இருக்கும் என்று ஆமையண்ணன் பழைய கம்பளி ஒன்றை நாலாக மடித்து அங்கே போட்டு வைத்திருந்தார். இருபது வருடமாக அது அவள் இடம். அவர் போன பிறகும் கம்பளியை யாரும் எடுக்கவில்லை, அந்த இடத்தில் வேறு யாரும் உட்காரவும் இல்லை.

ரயில் ஓட்ட ஆரம்பித்து ஒரு மாதம் இருக்கும். ஒருநாள் ஜன்னலில் கையை ஊன்றிக்கொண்டு, சாதாரணமாகக் கேட்பதுபோல் கேட்டான்.

"அண்ணே, காலைல நான் பாலத்துல நடக்கிறப்ப பின்னாடி யாராச்சும் வர்றாங்களா?"

நான் வேலையில்லாதவன் என்று நினைத்தாயா, உன் முதுகையே பார்த்துக்கொண்டிருக்க என்றேன். அவன் சிரிக்கவில்லை.

"போறப்ப ஒண்ணுமில்லண்ணே. கம்பத்தத் தொட்டுத் திரும்பினதும் கேக்குது. ஒரு கால் ஊனுது, ஒரு கால் இழுக்குது."

பலகை லூசாக இருக்கும் என்றேன். நீ மிதித்துவிட்டு வந்த பலகை உன் பின்னால் எழும்பித் தட்டும், பழைய மரம் அப்படித்தான் என்று பெரிய தச்சன்போல் விளக்கம் வேறு சொன்னேன். அவனும் அதை நம்ப ஆசைப்பட்டான். தச்சரைக் கூட்டி வந்து கோடிக்குக் கோடி ஆணி அடித்தார்கள். தச்சர் பாலத்தில் குதித்துக் காட்டினார். ஒரு பலகைகூட அசையவில்லை. மறுநாள் ரயில் ஜன்னலுக்கு வந்தபோது முகம் சுண்டியிருந்தது.

"நான் நின்னா நிக்குதுண்ணே. நடந்தா நடக்குது. நான் ஓடினா மட்டும் அது ஓட மாட்டேங்குது. அதே நடைதான். அதான் பயமா இருக்கு."

அதன் பிறகு அவன் கம்பத்தைத் தொட்டுத் திரும்பும்போது நானும் பார்த்தேன். அவன் பின்னால் வெறும் பலகைதான் இருந்தது, சில நாள் பனியில் அதுவும் பாதிதான் தெரிந்தது. அவன் முதலில் விறுவிறுவென்று வந்தான். ஒரு வாரத்தில் எட்டி எட்டி வைத்தான். அடுத்த வாரம் ஓட்டமும் நடையுமாக வந்தான். வந்து விழுந்தடித்துப் படகில் ஏறி, மூடியைத் திறந்து மூடி, சாவியைத் திருப்பி, இன்ஜின் சத்தம் எழுந்த பிறகுதான் மூச்சு விடுவான். இன்ஜின் சத்தத்தில் வேறு எதுவும் கேட்காதல்லவா. நான் பழக்கதோஷத்தில் இன்ஜின் சத்தம் கேட்டதும் டம்ளரை எடுத்து வாயில் வைத்தேன். நாக்கு வெந்துவிட்டது. இரண்டாம் நாளும் வெந்தது. மூன்றாம் நாள்தான் எனக்கு உறைத்தது, டீ அதே டீதான், நேரம்தான் குறைந்துவிட்டது என்று. உறைத்ததே தவிர, அதை யாரிடமும் சொல்லவேண்டும் என்று தோன்றவில்லை. என் நாக்கைப் பற்றி மட்டும் கவலைப்பட்டேன். இப்போது நினைத்தாலும் வெட்கமாக இருக்கிறது.

விஷயம் அண்ணியின் காதுக்குப் போனது ரயிலின் மனைவி வழியாக. கீழே அடுப்படியில் மீன் கழுவிக்கொண்டே சொல்லியிருக்கிறாள். அண்ணி துணி மடித்துக்கொண்டிருந்தவள் மடிப்பதை நிறுத்திவிட்டாள். ரயில் வீட்டுக்குள் நுழைந்ததும் அவள் குரல் மாடிப்படி ஏறி எனக்கும் கேட்டது. கத்தவில்லை. கத்தியிருந்தால் பரவாயில்லை.

"இருபது வருஷம் கூட இருந்தவ நான். உயிரோட இருந்தப்பவே பத்துத் தடவ கூப்பிட்டாதான் ஒரு தடவ வருவாரு. இப்ப உனக்காகத் தினமும் வர்றாரா? அவரு நடைய எனக்குத் தெரியாதா? எனக்குக் கேக்கல, உனக்குக் கேக்குதா?"

ரயில் ஏதோ முனகினான். அன்று சாயங்காலம் வேலையிலிருந்து வந்த அண்ணி வீட்டுக்குப் போகவில்லை. பையை என் ஜன்னலில் வைத்துவிட்டுப் பாலத்தில் ஏறினாள். கம்பம்வரை போனாள். திரும்பி வந்தாள். மறுபடி போனாள். கம்பத்தடியில் நின்றுகொண்டு, கழுத்தை ஒரு பக்கம் சாய்த்து, அடுத்த வீட்டுப் பேச்சைக் கேட்பதுபோல் கேட்டுக்கொண்டே நின்றாள். விளக்கு எரிகிற நேரம் ஆனதும் வந்து பையை எடுத்தாள். பைக்குள் சாவிக்கொத்து குலுங்கியது. படகுச் சாவி ஒன்றை மட்டும் கழற்றி ரயிலிடம் கொடுத்துவிட்டு, மற்றதை அவளே வைத்துக்கொண்டிருந்தாள். அந்தச் சாவிகள் திறக்கிற பூட்டு எதுவும் வீட்டில் இல்லை.

"பலகைதான் கேட்டுச்சுண்ணா" என்றாள் என்னிடம். அவள் முகத்தைப் பார்க்க எனக்குத் தைரியம் வரவில்லை, டிக்கெட் கட்டைச் சரிசெய்வதுபோல் குனிந்துகொண்டேன். அன்றிலிருந்து கொழுந்தனோடு பேச்சை விட்டாள். சோறு மட்டும் எடுத்து வைப்பாள்.

பிறகு மழை பிடித்துக்கொண்டது. ரயில் முந்தின சாயங்காலமே டாங்கை நிரப்பி, படகின்மேல் தார்ப்பாயை இழுத்து, காற்று நுழையாதபடி இறுக்கிக் கட்டியிருந்தான். மூன்று நாள் ஆறு பொங்கி ஓடியது. படகு இல்லை, டிக்கெட் இல்லை. மூன்று பேரும் வீட்டுக்குள் ஒருவரை ஒருவர் பார்க்காமல் முட்டிக்கொண்டு திரிந்தார்கள். மூன்றாம் நாள் சாயங்காலம் மழை விட்டது. என்னைக் கீழே கூப்பிட்டார்கள். ரயில் படகை விட்டுவிடுகிறேன் என்று சொல்லிவிட்டானாம், பெரிய மனுஷன் ஒருத்தர் நடுவில் இருந்தால் நல்லது என்று அவன் மனைவி நினைத்திருக்கிறாள். என்னைப் பெரிய மனுஷன் என்று நினைக்கிற அளவுக்கு அந்த வீட்டில் நிலைமை மோசமாக இருந்தது.

ரயில் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தான். பார்சல் வண்டிக்கே போய்விடுகிறேன், நாளைக்கு ஒருநாள் ஓட்டுகிறேன், அதற்கப்புறம் வேறு ஆள் பார்த்துக்கொள்ளுங்கள் என்றான். பேச்சை இலகுவாக்கலாம் என்று நான் வாயைத் திறந்தேன்.

"போனாலும் போ. என் நாக்காவது பொழைக்கும். உங்கண்ணன் ஃபேனப் போட்டா டீ ஆறிடும். நீ போட்டா ஆவி பறக்கிறப்பவே கிளப்பிடுற."

யாரும் சிரிக்கவில்லை. அண்ணி மட்டும் தலையைத் தூக்கி என்னைப் பார்த்தாள்.

"எவ்ளோ நாளா?"

"ஒரு மாசம் இருக்கும். வரவர மோசம்."

அவள் முகத்திலிருந்து ரத்தம் இறங்குவதை நான் பார்த்தேன். கொஞ்ச நேரம் கையிலிருந்த துணியையே முறுக்கிக்கொண்டிருந்தாள். இத்தனை நாளுக்குப் பிறகு முதல்முறையாகக் கொழுந்தனிடம் பேசினாள்.

"தம்பி, அவரு காலு எப்படிப் போச்சுன்னு உனக்குத் தெரியுமா?"

"சரக்குப்பெட்டி விழுந்துச்சு."

"பெட்டிதான். ஆனா சரக்குப்பெட்டி இல்ல. இன்ஜின் பெட்டி."

கல்யாணமான புதிதில், ரயில் கைக்குழந்தையாக இருந்து எழுந்து ஓடத் தொடங்கிய வயதில், நடந்ததை அவள் சொன்னாள். ஆமையண்ணன் அப்போது ஆமை இல்லை. ரயிலைவிட வேகமாக நடப்பவர். அப்பா சொல்லிக் கொடுத்த ஒரு நடை, அதை ஒரே மூச்சில் நடந்துவிட்டு வந்து சாவியைத் திருப்பினார். பெட்டியின் மூடி ஓட்டுக்கூரை உயரத்துக்குப் போய் அவர் காலில் விழுந்தது. நல்லவேளை, படகில் வேறு யாரும் இல்லை. தன் படகைத் தானே வெடிக்கவைத்தவன் படகில் எவன் ஏறுவான் என்று அப்பாதான் அதைச் சரக்குப்பெட்டி ஆக்கினார். வெளியே சொல்லமாட்டேன் என்று அண்ணியிடமும் சத்தியம் வாங்கியிருந்தார்.

"ஆஸ்பத்திரியில கண்ணு முழிச்சதும் எங்கிட்ட சொன்னாரு. நடை சரிதான், நான்தான் ஓடிட்டேன்னு. அதுக்கப்புறம் ஓட முடியல. அதுவே நல்லதாப் போச்சு. நீ அவரு நடக்கிற நடைய எடுத்துக்கல தம்பி. நடைங்கிற பேர மட்டும் எடுத்துக்கிட்ட. நானும் சொல்லல. என் புத்திக்கு எட்டல."

அவள் அழுதாள். ரயிலின் மனைவியும் அழுதாள். ரயில் எழுந்து தண்ணீர் குடித்துவிட்டு வந்தான். நாளைக்கு ஃபோனில் மணி வைத்துவிடுகிறேன் அண்ணி, ஆறு நிமிஷம், அது அடிக்காமல் சாவியைத் தொடமாட்டேன் என்றான். எனக்கும் அது நல்ல யோசனையாகவே பட்டது. அந்த வீட்டில் அன்று எல்லோருக்கும் தூக்கம் வந்தது என்று நினைக்கிறேன். கீழே ஒரு பாத்திரம்கூடச் சத்தம் போடவில்லை.

காலையில் பனி இறங்கியிருந்தது. காற்று என்பது துளியும் இல்லை. வெள்ளம் வடிந்து, தண்ணீர் தட்டில் ஊற்றியதுபோல் கிடந்தது, பாலம் பாதிக்குமேல் பனிக்குள் போய்விட்டது, விளக்குக் கம்பம் இருக்கிறதா இல்லையா என்றே தெரியவில்லை. மூன்று நாள் வேலை கெட்ட ஜனங்கள் முட்டி மோதிக்கொண்டு வந்தார்கள். ரயில் தார்ப்பாயை முன்பக்கம் மட்டும் அவிழ்த்துச் சுருட்டினான், அதற்குள் முப்பது பேர் ஏறிவிட்டார்கள். ஃபேனைப் போட்டான். அந்த ம்ம்ம் என்ற முனகல் பனியில் எங்கிருந்து வருகிறது என்று தெரியாதபடி எல்லாப் பக்கமும் கேட்டது. ஃபோனில் மணி வைத்து, சட்டைப்பையில் போட்டுக்கொண்டு, பனிக்குள் நடந்தான். அண்ணி வந்து டிக்கெட் வாங்கிக்கொண்டு போய், கம்பளியின்மேல் உட்கார்ந்தாள். இன்ஜின் ஓடாத பெட்டிமேல் அவள் உட்கார்ந்து அன்றுதான் பார்த்தேன்.

என் டீயிலிருந்து இன்னும் ஆவி எழுந்துகொண்டிருந்தது. பலகையில் தடதடவென்று சத்தம். பனியைப் பிய்த்துக்கொண்டு ரயில் வந்தான். கண்கள் பிதுங்கியிருந்தன. படகில் குதித்தான். அண்ணியைக் கொஞ்சம் எழுப்பி மூடியைத் திறக்கக்கூட அவனுக்கு நிதானமில்லை. கை நேராகச் சாவிக்குப் போனது.

"ஃபோன் அடிச்சுதா தம்பி?"

அண்ணி திரும்பிப் பார்க்காமல்தான் கேட்டாள். அவன் கை நின்றது.

"அடிக்கல."

"அப்ப ஏன் வந்த?"

அவன் திரும்பிப் பாலத்தைப் பார்த்தான். படகிலிருந்த முப்பது பேரும் பாலத்தைப் பார்த்தார்கள். வெறும் பனி.

"சாவிய எடுத்து எங்கிட்ட குடு" என்றாள். கொடுத்தான். அவள் எழுந்து நின்று, எல்லோரும் இறங்குங்கள் என்றாள். ஜனங்கள் சும்மா இறங்குவார்களா. மேஸ்திரி சம்பளத்தைப் பிடிப்பான், நீ தருவாயா என்றார்கள். பைத்தியம் பிடித்துவிட்டதா என்று ஒரு குரல். அவள் ஒவ்வொருவரையும் உறவுமுறை சொல்லிக் கூப்பிட்டு, கையைப் பிடித்து, பலகையில் ஏற்றிவிட்டாள். கடைசி ஆளும் கொட்டகைக்கு வந்த பிறகு கொழுந்தன் பக்கம் போனாள். பனியில் குரல் பக்கத்தில் கேட்டது.

"மறுபடி போ. இந்தத் தடவ திரும்பினதும் முன்னாடி வராத. ஒதுங்கி நில்லு. அவரு முன்னாடி வரட்டும். நீ பின்னாடி வா."

"அண்ணி, என்னால ஆகாது."

"ஏன் ஆகாது? பெரியவங்களுக்கு வழிவிட்டு நின்னா நமக்கு என்ன குறைஞ்சிடப் போகுது? உங்கண்ணன்தானே."

அவன் ஃபோனில் மணியை மறுபடி வைத்துக்கொண்டு போனான். பனி அவனை மூடியது. என் முதல் டீ ஆறிப்போயிருந்தது, அந்நேரம் எதிர்க்கடையிலிருந்து சூடாக இன்னொன்று வந்தது. ஃபேன் முனகிக்கொண்டே இருந்தது. அண்ணி என் ஜன்னல் ஓரம் வந்து, பையை மார்போடு அணைத்துக்கொண்டு நின்றாள். கொட்டகையில் ஒரு இருமல்கூட இல்லை. முனகியவர்கள்கூட எதற்கென்று தெரியாமலே வாயை மூடிக்கொண்டிருந்தார்கள்.

வெகுநேரம் கழித்துப் பனிக்குள் ரயிலின் உருவம் தெரிந்தது. அவன் பாலத்தின் ஓரமாக, நடுவை விட்டு ஒதுங்கி, நடந்து வந்தான். மெதுவாக வந்தான். அவனை அப்படி மெதுவாக நான் பார்த்ததே இல்லை. அவனுக்கு முன்னால் இரண்டு முழத் தூரம் காலியாக இருந்தது, அந்தக் காலி இடத்தைத்தான் அவன் பார்த்துக்கொண்டு வந்தான். அது நின்றால் நின்றான். சட்டைப்பையில் ஃபோன் அடித்தது. அவன் அதைத் தொடவில்லை. அது அடித்து ஓய்ந்தது. நான் என்னையறியாமல் டம்ளரை எடுத்தேன். டீ சரியான பதத்தில் இருந்தது.

படகுக்கு எதிரே வந்ததும் ரயில் நின்றான். இத்தனை நாளும் அவன் இந்த இடத்துக்கு அந்தக் காலடிக்கு முன்பே ஓடி வந்து இன்ஜினைக் கிளப்பியிருக்கிறான். அந்தக் காலடி கடைசியில் எங்கே போய் என்ன செய்கிறது என்று அவன் காதுகொடுத்துக் கேட்டதே இல்லை. இப்போது கேட்டான். ஆளில்லாத படகு ஒரு பக்கம் லேசாகச் சாய்ந்து நிமிர்ந்தது, யாரோ கால் வைத்ததுபோல. அலை இல்லை என்று முன்பே சொன்னேன்.

அடுத்து வந்த சத்தம் எனக்கும் கேட்டது. நான் யாரிடம் வேண்டுமானாலும் சத்தியம் செய்வேன். கிணீர் என்று, பலகையில் சாவிக்கொத்து மோதுகிற சத்தம்.

நான் அண்ணியின் பையைப் பார்த்தேன். அவள் அதை இரண்டு கையாலும் இறுக்கிப் பிடித்திருந்தாள், அது அசையவில்லை. கேட்டுச்சா என்றேன். என்னது என்றாள். அவள் முகத்தில் ஒன்றுமில்லை. நான் டம்ளரைக் கீழே வைத்தேன்.

ரயில் படகில் இறங்கினான். கம்பளியை எடுத்து ஓரமாக வைத்தான். மூடியைச் சாய்த்தான். குனியப் போனவன் ஒரு நொடி நின்று, பிறகு நெடுஞ்சாண்கிடையாகப் படுத்து, தோள்வரை உள்ளே போனான். அவன் அப்படிப் படுத்து அன்றுதான் முதல்முறை. கொஞ்ச நேரம் அவன் கால்கள் மட்டும் வெளியே தெரிந்தன. எழுந்தபோது உதடு வெளுத்திருந்தது. ஃபேன் சுவிட்சுக்கு நீட்டிய கையைச் சட்டென்று இழுத்துக்கொண்டான். கூச்சல் போடவில்லை.

"அண்ணே, டீக்கடை அடுப்ப அணைக்கச் சொல்லுங்க. யாரும் தீப்பெட்டி எடுக்காதீங்க. எல்லாரும் ரோட்டுக்குப் போங்க."

மெக்கானிக் வந்தபோது நாங்கள் எல்லோரும் தெருக்கோடியில் நின்றிருந்தோம். எதையும் தொடாதே, எந்த சுவிட்சையும் போடாதே, நிறுத்தாதே என்று ஃபோனிலேயே சொல்லியிருந்தார். ஃபேன் தன்பாட்டில் ஓடிக்கொண்டிருந்தது. வெயில் ஏறிக் காற்று எழும்பிய பிறகு, பேட்டரி தீர்ந்து, முனகல் மெலிந்து மெலிந்து உச்சிப்பொழுதில் நின்றது. அதற்கப்புறம் தார்ப்பாயை முழுக்க எடுத்து, பலகைகளைப் பிரித்துப்போட்டு, இரண்டு மணி நேரம் காற்றாடவிட்ட பிறகுதான் அவர் உள்ளே இறங்கினார்.

பெட்ரோல் வரும் ரப்பர் குழாய் இறுக்கிப்பட்டைக்குப் பக்கத்தில் கீறியிருந்தது. மூன்று நாளாகச் சொட்டியிருக்கிறது. படகின் அடிவயிற்றில் மழைத்தண்ணீரின்மேல் வானவில் நிறத்தில் மிதந்தது. அது ஒன்று. இன்னொன்றை அவர் விரலால் சுட்டிக்காட்டினார். ஃபேன் உறிஞ்சுகிற தடித்த குழாயின் வாய் தரையை ஒட்டி இருக்கவேண்டும். அதன் கட்டு அறுந்து, வாய் மேலே எழும்பி, மூடிக்குப் பக்கத்தில் தொங்கிக்கொண்டிருந்தது.

"பெட்ரோல் ஆவி காத்தவிட கனம். கீழ அடியிலதான் கிடக்கும். உன் ஃபேன் மேல இருக்கிற நல்ல காத்த இழுத்து வெளிய விட்டுட்டு இருந்திருக்கு. சத்தம் மட்டும் பிரமாதமா வந்திருக்கும்."

மணி பார்த்து ஆறு நிமிஷம் ஓடவிட்டிருந்தால் என்று ரயில் கேட்டான்.

"மணி பார்த்துச் செத்திருப்பீங்க. நாள் பூரா ஓடினாலும் அடியில கிடக்கிறது அசையாது. மேல குனிஞ்சு மோந்தா வாசமும் தெரியாது. மூக்கு கீழ போகணும். படுத்துப் பார்க்கணும்னு உனக்கு யாருப்பா சொல்லிக் குடுத்தது?"

"எங்கண்ணன்."

"நல்ல வாத்தியாருதான். எப்ப சொன்னாரு?"

ரயில் என்னைப் பார்த்தான். நான் அவனைப் பார்த்தேன்.

"இன்னைக்குக் காலைல" என்றான்.

மெக்கானிக் வேடிக்கைப் பேச்சு என்று நினைத்துச் சிரித்தார். அண்ணி சிரிக்கவில்லை. மூடியின்மேல் இருந்து எடுத்த கம்பளி அவள் கையில் இருந்தது. அந்த மூடிக்கு நேர் கீழேதான் அத்தனையும் கிடந்தது. அவள் அதைப் புரிந்துகொண்டு, கம்பளியை முகத்தில் வைத்துக்கொண்டாள். எனக்குக் கேட்டதை அப்போதாவது அவளிடம் சொல்லியிருக்கலாம். அவளுக்குக் கேட்காததை எனக்குக் கேட்டது என்று எந்த வாயால் சொல்வது?

ரயில் பார்சல் வண்டிக்குப் போகவில்லை. புதுக் குழாய், புதுப் பட்டை, ஃபேன் குழாயின் வாய்க்குத் தரையோரம் இரும்புக் கொக்கி. ஃபோனிலும் மணி வைத்துக்கொள்கிறான். நடையும் நடக்கிறான், ஓரமாக, மெதுவாக. யாரையும் முன்கூட்டி ஏற விடுவதில்லை. படுத்துத்தான் மோந்து பார்க்கிறான். ஜனங்கள் முனகுகிறார்கள், முனகிவிட்டுக் காத்திருக்கிறார்கள். பின்னால் சத்தம் கேட்கிறதா என்று நான் கேட்டேன். பின்னால் கேட்பதில்லை என்று மட்டும் சொன்னான். அண்ணி ஒவ்வொரு காலையும் ஃபேன் ஓடும் நேரம் என் ஜன்னலோரம் கழுத்தைச் சாய்த்துக்கொண்டு நிற்பாள். நான் டீயைப் பார்த்துக்கொண்டிருப்பேன்.

பத்துப் பன்னிரண்டு நாள் ஆகியிருக்கும். அன்றும் பனி. ரயில் ஃபேனைப் போட்டுவிட்டு, துடைக்கப் பழைய துணி இருக்கிறதா என்று கேட்டு என் ஜன்னலுக்கு வந்தான். நான் குனிந்து மேசைக்கடியில் தேடினேன். அண்ணி பக்கத்தில் இருந்தாள். ஜனங்கள் கொட்டகைக்குள் இருந்தார்கள். பாலத்தில் ஒருவரும் இல்லை.

ஃபேன் சத்தத்துக்கு அடியிலிருந்து அது கேட்டது. பலகையில் ஒரு தட்டு, ஒரு தேய்ப்பு. ஒரு தட்டு, ஒரு தேய்ப்பு. படகுப் பக்கத்திலிருந்து கிளம்பி, விளக்குக் கம்பத்தைப் பார்த்துப் போய்க்கொண்டிருந்தது.

நான் துணியோடு நிமிர்ந்தேன். ரயில் கல்லாக நின்றான். தான் இன்னும் நடக்கத் தொடங்கவில்லை என்பது அப்போதுதான் நினைவு வந்ததுபோல் ஓர் அடி எடுத்து வைத்தான். அண்ணி கையை நீட்டி அவன் மணிக்கட்டைப் பிடித்தாள். அவள் கண்கள் மூடியிருந்தன. கழுத்து நிமிர்ந்திருந்தது.

"அவசரமில்ல தம்பி" என்றாள். "போயிட்டு வரட்டும்."